மெஷின் குணசேகரன் மீட்டிங் தேடிய வரலாறு

பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் இடையில், குணசேகரன் குடிப்பதைப் பார்க்காதவர் என்று ஒருவர் கிடையாது. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து குடித்திருக்கிறார். களத்துமேட்டில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்று குடித்திருக்கிறார். மைத்துனன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த காரில், மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் இறங்கி நிற்கச் சொல்லிவிட்டுக் குடித்திருக்கிறார். இது எதற்கும் அவர் வெட்கப்பட்டதில்லை. ஊரும் அவரை வெட்கப்படச் சொன்னதில்லை. "நம்ம மெஷினுக்கு இன்னிக்கு லோடு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டது.

குடியை விட்டுவிடுவது என்று முடிவெடுத்த அன்றைக்குத்தான் அவருக்கு மானம், மரியாதை, குடும்ப கௌரவம், பரம்பரைப் பெருமை எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தன. குடிக்கப் போவதை ஊரே பார்த்தது சரி. விடப் போவதை ஒரு ஈ, எறும்பு பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அவரை மெஷின் என்று அழைத்தாலும் அவரிடம் சொந்தமாக மெஷின் எதுவும் கிடையாது. ஒரு போல்ட்டு நட்டு கூடக் கிடையாது. சம்பா அறுப்பு தொடங்கும்போது ஆத்தூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின்கள் டெல்டாவுக்குள் வந்து இறங்கும். எந்த மெஷின் எந்த ஊருக்கு, யார் வயலில் முதலில் இறங்கும், யார் வயலில் கடைசியில் என்பதை முடிவு செய்கிற ஏஜென்ட் குணசேகரன். வருஷம் முழுக்க அவரைக் கண்டுகொள்ளாதவர்கள்கூட, தை மாதத்தில் வானம் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தால் அவர் வாசலில் செருப்பை விடுவார்கள். முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் வயலிலேயே முளைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் கையில் ஒரு மஞ்சள் பையோடு வருவார்கள். பைக்குள் பாட்டில் இருக்கும். குணசேகரன் வாய் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை. மேகம் திரண்டால் பாட்டில் தானாக வரும். தஞ்சை மாவட்டத்தின் வானிலை அவர் குடலுக்குள் போய் இறங்கிய விதம் இதுதான்.

இவருக்கு வாக்கப்பட்டவர் கலைமகள். ஆடிப்பெருக்கு அன்று, காவிரித்தாய்க்கு விட வேண்டிய தட்டைப் பெண்கள் கையிலிருந்து வாங்கி, "அம்மா சார்பா நான் சாப்டுக்கறேன்" என்று காப்பரிசியைத் தின்று தீர்த்துவிட்டுப் படித்துறையில் மல்லாந்தார் குணசேகரன். அன்றோடு கலைமகள் அவரிடம் நேரே பேசுவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் பேச்சு நடந்தது, ஆனால் காற்றோடு நடந்தது.

"சோறு எடுத்து வச்சிருக்கு. திங்கறவங்க திங்கலாம்."

"மோட்டார் போடணும். போற ஆளு இருந்தா போகலாம்."

அம்மிக்கல்லும், கொடிக்கயிறும், வாசலில் கட்டிய மாடும் அந்த நாட்களில் குணசேகரனைவிட அதிகமாக அவர் குரலைக் கேட்டன.

ஐப்பசியில், கலைமகளின் தங்கை தங்கமணி திருவாரூரிலிருந்து தூது வந்தார். மோர் வாங்கிக் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு விஷயத்தை இறக்கினார்.

"அத்தான், அக்கா சொல்லச் சொல்லிச்சு. இந்தத் தை அறுப்புல நீங்க குடிச்சீங்கன்னா பொட்டியை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருமாம். வந்தா திரும்பிப் போவாதாம்."

"அதை அவளே என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"நானும் கேட்டேன். சொன்னா காதுல ஏறுற நேரமா பாத்துச் சொல்லணுமாம். கல்யாணமான நாள்லேந்து பாக்குதாம், அப்படி ஒரு நேரம் அமையலையாம்."

குணசேகரன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கூடத்தில் கலைமகள் பரண்மேல் இருந்த பழைய பெட்டியை இறக்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துடைப்பில் ஒரு தீர்மானம் இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போனார். கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "மாத்திரை உடம்புக்கு. மனசுக்கு ஒரு மீட்டிங் பாத்துக்கங்க. குடியை விட்டவங்க, விடறவங்க சேந்து உக்காந்து பேசுவாங்க. வாராவாரம் போங்க. எல்லாம் ரகசியம். உங்க முழுப் பேரைக் கூட யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

டாக்டருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அதனால்தான் அப்படிச் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத இரண்டு பேரை டெல்டாவில் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால், பஸ் வருவதற்குள் அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

உள்ளூர்க் கூட்டம் வேண்டாம், மயிலாடுதுறைதான் பாதுகாப்பு என்று குணசேகரன் கணக்குப் போட்டார். தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முறை வந்தபோது எழுந்து, "என் பேரு குணா. நான் ஒரு குடிநோயாளி" என்றார். "வணக்கம் குணா" என்றார்கள். அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் தெய்வம் என்று குணசேகரன் நினைத்த அந்த நிமிஷத்தில் டீ வந்தது.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் டீயை ஆற்றியபடியே திரும்பினார்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"தஞ்சாவூரேதானா?"

"இல்ல, கொஞ்சம் இந்தாண்ட."

"இந்தாண்டன்னா, அய்யம்பேட்டையா?"

"அதுக்கும் இந்தாண்ட."

"அப்ப பாபநாசம். டவுனா, கிராமமா?"

"கிராமந்தான்."

"கிராமம்னா ரயிலடிக்குத் தெக்கால எத்தனாவது ஊரு?"

குணசேகரன் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பெரியவர் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ கூட்டிக் கழித்து, கண்ணைத் திறந்தார்.

"நீடாமங்கலத்துல பொண்ணு எடுத்த ஆளு நீங்க. எங்க சின்ன சம்பந்திக்கு உங்க மாமனாரு ஒண்ணுவிட்ட பங்காளி. அப்ப நீங்க எனக்கு மாப்ள முறையாகுது. பயப்படாதீங்க மாப்ள, இங்க எல்லாம் ரகசியம். ஆமா, மாமனாருக்கு மூட்டுவலி இப்ப எப்படி இருக்கு?"

குணசேகரன் தொப்பியைக் கழற்றிவிட்டார். இனி அது எதற்கு?

"ஒரு நிமிஷம்" என்றார் எதிர் வரிசைக்காரர். "அந்த ஊருல குணான்னா, மெஷின் குணசேகரனா?"

அதோடு கூட்டத்தின் தன்மை மாறியது. ஆன்மிக விடுதலை தேடி வந்தவர்கள் அனைவரும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தை பத்துக்குள் பெல்ட் மெஷின் ஒன்று கிடைக்குமா, சேற்று வயலில் டயர் மெஷின் இறங்குமா, போன வருஷம் ஏன் வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றெல்லாம் கேள்விகள் வந்தன. மாமனார் முறைப் பெரியவர் அவரைத் தனியாகப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, நம்ம வயலை மட்டும் மொதல்ல முடிச்சுக் குடுத்துருங்க. உங்களுக்கு வேண்டியதை நான் தனியா கவனிச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் தான் எங்கே நின்று எதைச் சொல்கிறோம் என்பது பாதியில் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "பிஸ்கட்டு, பிஸ்கட்டு" என்று முடித்தார்.

கீழே இறங்கியபோது கேட்டருகில் ஒருவர் அந்த பிஸ்கட்டைத்தான் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தார். கூத்தாநல்லூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜெக்கரியா. குடியை விட்டு மூன்று வருஷமாகிறது. டெல்டாவில் அவர் உட்காராத மீட்டிங் இல்லை.

"மொதல் மீட்டிங்கா?" என்றார்.

"கடைசி மீட்டிங்கு" என்றார் குணசேகரன்.

"அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்காவது கூட்டாளி உண்டு. எங்க தெருவுல ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க. அத்தனை பேரு பங்கையும் நான் ஒருத்தனே குடிச்சேன். கடைக்குச் சரக்கு எடுக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு, குடிக்கறதுக்கே பஸ் ஏறுவேன். இப்ப விடறதுக்கும் அதே பஸ்ஸுதான். டிரைவரு மாறிட்டாரு, நான் மாறலை."

"எனக்கு ஆளு தெரியாத எடமா வேணும் பாய்."

"அப்ப நெல்லு இல்லாத ஊருக்குப் போங்க. பட்டுக்கோட்டை. அங்க எல்லாம் தென்னை. மரத்துல மெஷின் ஏறாது, உங்களை ஒருத்தருக்கும் தெரியாது." பாக்கெட்டில் மீதியிருந்த பிஸ்கட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டார். "அங்க வடை போடுவாங்க."

பட்டுக்கோட்டைக்கு முன்னால் தஞ்சாவூரிலேயே ஒரு கூட்டத்துக்கு எட்டிப் பார்த்தார் குணசேகரன். அங்கே ஏசி உண்டு. பேசியவர்கள் எல்லோரும் ரிட்டயர்டு ஆபீசர்கள், பேசியது இங்கிலீஷ். ஒருவர் தன்னை அழித்த ஸ்காட்லாந்துச் சரக்கைப் பற்றி உருகி உருகிச் சொன்னார். அதற்கு இணையாகச் சொல்ல, மூடியைத் திறந்தால் கண் எரிகிற தன்னுடைய குவார்ட்டரை எப்படி வெளியே எடுப்பது என்று குணசேகரனுக்குக் கூச்சமாகிவிட்டது. தன் தகுதிக்கு மீறிய குடிநோயாளிகள் என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

பட்டுக்கோட்டையில் கொப்பரை காயப்போடும் களத்தை ஒட்டிய ஷெட்டில் கூட்டம். நடத்தியவர் தேங்காய் மண்டி செந்தில்குமார். "ஐயாவுக்கு என்ன தொழில்?" என்று அவர் கேட்டுவிடுவார் என்று குணசேகரன் எதிர்பார்த்தே வந்திருந்தார். கேட்டார்.

"வாத்தியார்" என்றார் குணசேகரன். போதாது என்று தோன்றியது. "தமிழய்யா."

பொய்யும் அறுவடை மெஷின் மாதிரிதான், ஒருமுறை வயலில் இறக்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. அவர் எழுந்து பேச ஆரம்பித்தார். தமிழய்யா குடித்துவிட்டு வகுப்புக்குப் போனதைச் சொன்னார். கரும்பலகையில் எழுத ஆரம்பித்த வரி கோணிக்கொண்டே போய், பலகையைத் தாண்டி, சுவரில் ஏறி, ஜன்னல் கதவில் முடிந்ததைச் சொன்னார். பிள்ளைகள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டதைச் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து, "ஐயா நீங்க உக்காருங்க, நான் நடத்துறேன்" என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டதைச் சொன்னபோது ஷெட்டே விசும்பியது. தேங்காய் உரித்துக் காய்ப்பு ஏறிய கைகள் கண்ணைத் துடைத்தன. குணசேகரனும் அழுதார். அந்தத் தமிழய்யா மேல் அவருக்கு அவ்வளவு இரக்கம் வந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் காலடியில் ஒரு சாக்குத் தேங்காய் வைத்தார்கள். செந்தில்குமார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அடுத்த மாசம் நம்ம ஆண்டு விழா. நீங்கதான் சிறப்புரை."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தேங்காய்ச் சாக்கோடு குணசேகரன் தன் பேச்சைத் தானே இன்னொரு தடவை கேட்டு ரசித்தார். சாக்பீஸ் இடம் அபாரம். இவ்வளவு நன்றாகப் பேசக்கூடிய மனிதர் அதைக் கொண்டாடாமல் வீடு போய்ச் சேர்வது நியாயமா? ஒரத்தநாட்டில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டார். பொழுது சாய்கிற நேரம். டாஸ்மாக் கடை வரிசையில் நின்றார். முன்னால் மூன்று பேர். அப்போது போன் அடித்தது. ஜெக்கரியா.

"மீட்டிங் எப்படி?"

"அருமை பாய். எல்லாரும் அழுதாங்க."

"வடை?"

"மெதுவடை."

"எங்க நிக்கிறீங்க, பஸ் சத்தமே காணும்?"

"ஒரத்தநாட்டுல."

"ஒரத்தநாட்டுல எங்க?"

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம்."

"பக்கம்னா? கெழக்கயா, மேற்கயா?"

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. குணசேகரன் நகரவில்லை.

"சரி, நீங்க என்ன பேசினீங்கன்னு சொல்லுங்க" என்றார் ஜெக்கரியா.

தமிழய்யா கதை முழுவதையும் வரிசையில் நின்றபடியே சொன்னார். பின்னால் நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், சாக்பீஸ் இடத்தில் அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெக்கரியா மட்டும் அசையவில்லை.

"நல்ல மனுஷன் அந்தத் தமிழய்யா. இனிமே குடிக்க மாட்டாரு. அவருக்கு ஏத்த மீட்டிங் கெடைச்சிருச்சு. உங்களுக்குத்தான் இன்னும் கெடைக்கலை. வரிசையை விட்டு வெளியில வாங்க. வந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க, பஸ்ஸுல உக்கார்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கேன்."

குணசேகரன் வெளியே வந்தார். "தேங்கா வேணுமா?" என்று பின்னால் நின்றவரிடம் சாக்கைத் தள்ளிவிட்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அவர் எந்த மீட்டிங்குக்கும் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மார்கழியை ஓட்டினார்.

தை பிறந்தது. மெஷின்கள் வந்து இறங்கின. அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் கிழக்கே மேகம் ஏறியது. ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் மஞ்சள் பையோடு ஐயாவு வந்தார். மேலத்தெருவில் நல்ல வயல்காரர்.

"வேணாம் அண்ணே. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் குணசேகரன்.

"பிராண்டு பிடிக்கலையா?"

"விட்டுட்டேன் அண்ணே."

"நல்ல விஷயம். விட்டுட்டே இருங்க. இதை மட்டும் வாங்கிக்கங்க."

"வாங்காமலே உங்க வயலை அறுத்துத் தரேன்."

"அதெப்படி குணசேகரா?" ஐயாவுக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது. "பாட்டில் வாங்காத ஆளு வரிசையில என்னை எங்க வைப்பாருன்னு நான் எதை வச்சு நம்பறது?"

பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஐயாவு பையைக் குணசேகரனின் பைக் பெட்டிக்குள் தாமே திணித்து மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கலைமகள் எல்லாவற்றையும் பார்த்தார். கொடிக்கயிற்றைப் பார்த்துச் சொன்னார்:

"அறுப்பு ஆரம்பிச்சிருச்சு போலருக்கு. பொட்டியை எடுத்து வைக்கணும்."

குணசேகரன் ஐயாவின் பின்னால் தெருமுனை வரை ஓடி, அவர் வீட்டுக் கதவை அரை மணி நேரம் தட்டி, யாரும் திறக்காமல் திரும்பி வந்தார். தன் வீடு பூட்டியிருந்தது. சாவி வழக்கம்போல் தொட்டிச்செடிக்கு அடியில். மாட்டுக்கு வைக்கோல் போட்டிருந்தது, கொடியில் துணி இல்லை. பெட்டி இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு தைரியம் வரவில்லை. வாசலிலேயே நின்றார். கை பைக் பெட்டியின் மேல் இருந்தது. அது தானாக அங்கே போயிருந்தது.

இன்னொரு கையால் போன் போட்டார்.

"பாய், இன்னிக்கு எங்க மீட்டிங்?"

"வியாழக்கிழமை கும்மோணந்தான். தாராசுரம் போற ரோட்டுல, மூடிக் கெடக்கற டுடோரியல் காலேஜு. ஆனா கும்மோணத்துல உங்களை..."

"எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுட்டுப் போவுது. என் பொண்டாட்டி போயிட்டா பாய். பைக் பெட்டிக்குள்ள பாட்டில் இருக்கு. நீங்களும் வாங்க."

அங்கே போய்ச் சேர்ந்தபோது ஜெக்கரியா வாசலில் காத்திருந்தார். பைக் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடினார்.

"பிஸ்கட்டு வாங்கிட்டு வருவீங்கன்னு பாத்தேன்" என்றார். சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பழைய வகுப்பறை ஒன்றை நடுவில் பிளைவுட் வைத்து இரண்டாக மறித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஆண்கள். அந்தப் பக்கம் குடிப்பவர்களைக் கட்டிக்கொண்டவர்களின் கூட்டம், அதுவும் வியாழன்தான் என்றார் ஜெக்கரியா. கூட்டம் நடத்திய தங்கையன் கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்காரர். குணசேகரனைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க மெஷின். உங்க கல்யாணச் சீருக்கு அண்டா குடுத்ததே நம்ம கடைதான்."

நாற்காலிகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒருவர் போன தையில் வயல் அறுத்தவர். ஒருவர் அவரோடு அதே மதகில் குடித்தவர். குணசேகரன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஜெக்கரியா டீ டம்ளரோடு கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

வேறு வழியில்லை. எழுந்தார்.

"என் பேரு குணசேகரன். மெஷின் ஏஜென்ட்டு. நான் ஒரு குடிநோயாளி. என் வீட்டுல இன்னிக்குப் பொட்டியோட போயிட்டாங்க. போனது நியாயம்." தொண்டையைச் செருமினார். தமிழய்யாவின் பேச்சு மாதிரி இது வரவில்லை, ஒவ்வொரு வார்த்தையையும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவது போல எடுக்க வேண்டியிருந்தது. "ரெண்டு வருஷம் முந்தி, மாசி மாசம். மெஷின் மேல ஏறி, நெல்லு விழுற தொட்டிக்குள்ள படுத்துத் தூங்கிட்டேன். டிரைவரு பாக்கலை. மெஷினைக் கௌப்பி ஓட்டிட்டாரு. நெல்லு தலையில கொட்டுது, நான் எந்திரிச்சு மழையான்னு கேட்டேன்..."

மதகு நண்பர் சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"மாசி இல்ல. தை."

குணசேகரனுக்கு அந்தக் குரலைத் தெரியும்.

"தை கடைசி வெள்ளி" என்றது குரல். "மழையான்னும் கேக்கலை. அம்மான்னு கத்துனாரு. டிரைவரு வந்து சொன்னான்."

"மாசிதான்" என்றார் குணசேகரன், பிளைவுட்டைப் பார்த்து.

"எனக்குத் தெரியாதா? ராத்திரி முச்சூடும் தலைமுடியிலேந்து நெல்லு பொறுக்குனது நானா, நீங்களா? ரெண்டு நிமிஷம் போயிருந்தா மூடிப் போயிருப்பீங்க. அதைச் சொல்லுங்க மொதல்ல. சிரிக்க வைக்காதீங்க."

தங்கையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாதுங்கறது இங்க விதி. அந்தப் பக்கத்துக்கும் அதே விதிதான்."

அந்தப் பக்கக் கூட்டத்தை நடத்துகிற சைத்தூன் பீவி உடனே பதில் கொடுத்தார். "விதி எங்களுக்கும் தெரியும் அண்ணே. இந்தப் பொண்ணு ஆடி மாசத்துலேந்து அவரோட பேசலை. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

ஒவ்வொரு வியாழனும் ஆலங்குடி குரு கோயிலுக்கு என்று கிளம்பிய கலைமகள், ஆவணியிலிருந்து இங்கேதான் வந்துகொண்டிருந்திருக்கிறார். குணசேகரன் தன் பெயரை மறைத்துக்கொண்டு மூன்று ஊர் சுற்றிய காலமெல்லாம், அவருடைய சரித்திரம் தேதி வாரியாக இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அரங்கேறி முடிந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் அவர் குடல் வரை தெரியும். "அந்த மெஷின்காரரா இவரு?" என்று யாரோ கிசுகிசுப்பது கேட்டது. "காப்பரிசி தின்னவரா?" என்றது இன்னொன்று.

"நீ போகலையா?" என்றார் குணசேகரன்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"பொட்டியை எடுத்துட்டுதான் வந்தேன். இவங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு. இங்கேந்து திருவாரூர் பஸ்ஸு ஏறலாம்னு இருந்தேன். அந்தப் பாட்டில் எங்க?"

"பைக்குல. தொறக்கலை. சாவி பாய்கிட்ட இருக்கு."

"ஆமாம்மா, என்கிட்டதான் இருக்கு" என்று வாசலிலிருந்து சாட்சி சொன்னார் ஜெக்கரியா. "மூடி ஒடையலை. நான் பாத்துட்டேன்."

"சரி, பேசறதைப் பேசி முடிங்க" என்றார் கலைமகள். "தேதியை மட்டும் சரியா சொல்லுங்க."

குணசேகரன் பேசி முடித்தார். நடுவில் எட்டுப் பத்து இடத்தில் திருத்தம் வந்தது. தங்கையன் விதியைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. காப்பரிசி விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது, அதை அடுத்த வியாழனுக்கு ஒத்திவைத்தார்கள்.

வெளியே வந்தபோது தூறல் இல்லை, மேகம் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கலைமகள் பெட்டியோடு நின்றார். ஜெக்கரியாவிடம் சாவி வாங்கி, பைக் பெட்டியைத் திறந்து, மஞ்சள் பையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். குணசேகரன் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி தாராசுரம் தாண்டியது.

"நாளைக்கு மொதல்ல யாரு வயலு?" என்றார் கலைமகள்.

"ஐயாவு."

"ஏன், பாட்டில் குடுத்தாருன்னா?"

குணசேகரன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அவரு வயல் மேட்டுல கெடக்கு. தண்ணி நிக்காது. மொதல்ல கீழவெளி வள்ளியம்மை வயலை அறுங்க, அதுதான் பள்ளம். அது முடிஞ்சதும் வடிகால் ஓரத்துல இருக்கற நாலு பேரு. அதுக்கப்புறம் ஐயாவு. இந்தப் பையைக் காலையில அவரு வீட்டுல நானே குடுத்துட்டு, வரிசையைச் சொல்லிட்டு வந்துடறேன்."

"கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சா என்கிட்ட வரச் சொல்லுங்க. யாரு வந்தாலும் என்கிட்ட வரச் சொல்லுங்க. அறுப்பு முடியற வரைக்கும் நான் வாசல்லதான் இருப்பேன்."